என் விலா எலும்பை உடைத்தது யார்

என் தொழிலே சந்தேகப்படுவதுதான். மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். ஒரு பாகம் பார்க்க எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், அதைக் கொண்டுவந்தவர் எவ்வளவு நாள் பழகியவராக இருந்தாலும், அளந்து பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. அளவு தப்பினால் சிவப்பு அட்டை மாட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும். சில பாகங்கள் அளவு கொஞ்சம் தப்பியிருந்தாலும் வண்டியில் பொருத்தினால் வேலை செய்யும். அவற்றை ‘டீவியேஷன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மற்ற இன்ஸ்பெக்டர்கள் போடுவார்கள். நான் போட்டதில்லை. “அந்தாளு சொந்தப் பொண்ணையே அளந்து பாத்துட்டுதான் வூட்டுக்குள்ள வுடுவாரு” என்று கேன்டீனில் என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் வீட்டில் இருப்பவர்கள் எதையோ மறைத்தார்கள். அதுவும் என் உடம்பைப் பற்றியே.

நடந்தது எனக்குத் தெரிந்த வரைக்கும் இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் சேலையூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். தண்ணீர் கேன் போடுகிறவர் படிக்கட்டின் அடியில் கேனை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போய்விட்டார். கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் வேலையை முடித்துவிடலாம் என்று நானே அதை மேலே தூக்கி வந்தேன். மூடியைப் பிய்த்து, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் பீடத்தில் உட்கார வைத்தேன். களக் களக் என்று குமிழி மேலே ஏறியது. இடது தோளில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம்.

அதற்கு அடுத்து எனக்கு நினைவில் இருப்பது ஆஸ்பத்திரிக் கூரையில் பதித்திருந்த ஒரு சதுர விளக்கு. தொண்டை புண்ணாக இருந்தது. நெஞ்சின் மேல் மீன்பாடி வண்டி ஏறி இறங்கினாற்போல வலி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

“லேசா மயக்கம் போட்டுட்டீங்க. ஆம்புலன்ஸ் வந்துச்சு, போனோம். கர்த்தர் கிருபை” என்றாள் மனைவி. “சின்ன அட்டாக்தான் அப்பா, ஸ்டென்ட் வச்சாச்சு, சரியாப் போச்சு” என்றாள் சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள். இரண்டு பேரும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். சப்ளையர்கள் இரண்டு பேர் ஒரே மாதிரி பதில் சொன்னால் எங்கள் தொழிலில் என்ன நினைப்போமோ அதைத்தான் நான் நினைத்தேன்.

கீழ் வீட்டு அண்ணன் ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். ரிட்டயர் ஆன மனிதர், வெகுளி. “உங்களை மறுபடி இப்படி உக்காந்து பார்ப்பேன்னு நெனைக்கவே இல்லை சார். அன்னிக்கு உங்க வீட்டம்மா...” என்று ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து மனைவி காபியோடு வந்து நின்றாள். “ஆறிடும் அண்ணே, குடிங்க.” அவர் ஆவி பறக்கிற காபியை மடக் மடக்கென்று குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் காபி ஆறுவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

எனக்குப் பெரிய துப்பாக இருந்தது என் விலா எலும்புதான். இடது பக்கம், நடு நெஞ்சை ஒட்டி. இருமினால் வலி, சிரித்தால் வலி, புரண்டு படுத்தால் உயிர் போகிற வலி. இதயத்துக்குச் செய்த சிகிச்சை மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டுச் செய்தது. அப்புறம் எலும்புக்கு என்ன வந்தது? இதய டாக்டரிடம் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் சார், தானா சேர்ந்துடும்” என்றார். சேர்ந்துவிடும் என்றால் ஒடிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆஸ்பத்திரி ஃபைல் எங்கே என்று மகளைக் கேட்டால், இன்சூரன்ஸ்காரர்களிடம் இருக்கிறது என்றாள்.

நானே துப்பறிந்தேன். எங்கள் மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பீரோவை ஏற்றும்போதே சுவரைப் பெயர்த்த படி அது. ஸ்ட்ரெச்சர் அங்கே திரும்பியிருக்காது. ஆம்புலன்ஸ் ஆட்கள் என்னைக் கீழே போட்டிருக்கிறார்கள். எலும்பை ஒடித்துவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து பூசி மெழுகுகிறார்கள். இந்த முடிவுக்கு வந்த பிறகு எனக்கு இருமல் வரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “எந்தக் கடன்காரன் கை வச்சானோ, அந்தக் கை வெளங்காமப் போக” என்று சொல்லுவது பழக்கமாகிவிட்டது. ஒரு நாளில் எத்தனை முறை இருமுவேனோ அத்தனை முறை. வழக்கமாக நான் யாரையாவது திட்டினால் மனைவி, “வாயை நல்லா வச்சுக்கங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை” என்று அதட்டுவாள். இப்போது ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விடுவாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் நடவடிக்கை எதுவுமே சரியில்லை. குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தாள். “துருப்பிடிச்சிருந்தது” என்றாள். நான் பார்த்தவரை அதில் துரு இல்லை. மத்தியானம் கண்ணயர்ந்து விழித்தால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைத் தொடுவதில்லை. மாத்திரையைக் கையில் தரமாட்டாள், மேஜை மேல் வைப்பாள். வீட்டில் சப்பாத்தி நின்றுபோனது. இத்தனை வருஷமாக ராத்திரி என்றால் சப்பாத்தி என்று இருந்த வீடு. கேட்டால், “கடையில ரெடிமேடா வருது, எதுக்குக் கஷ்டம்” என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, நின்றபடி பேப்பர் திருத்திக்கொண்டே மாவு பிசைகிறவள் அவள். அவளுக்கு அது எந்த நாளில் கஷ்டமாக இருந்தது? சாம்பாரில் முருங்கைக்காய் காணாமல் போனது. தாம்பரம் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கிற சீசன் அது.

என் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேனில் குமிழி ஏறும் சத்தம் கேட்டால் எனக்குக் கை கால் ஜில்லிட்டுவிடும். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தால் போதும், அந்தக் களக் சத்தம் வரும். உடனே தோளில் அந்தப் பாரம். வேர்த்துக் கொட்டும். கழுத்தில் விரலை வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பயந்தால் நாடி வேகமாக அடிக்கும், வேகமாக அடிக்கிறதே என்று இன்னும் பயப்படுவேன். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி, பேட்ச் நம்பர் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். வேலைக்குத் திரும்பலாம் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். நானோ தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எதையோ மறைக்கிறவர்களிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

கேன் போடுகிறவர் மட்டும் வாசலில் நின்று கேட்பார். “இன்னா சார், எப்ப பாத்தாலும் வூட்லயே கீற? வெளிய வா சார், காத்து வாங்கு.” அவர் கையில் கேனைப் பார்த்ததும் நான் கதவைச் சாத்திவிடுவேன்.

ஒருநாள் சாயந்திரம் மனைவி சமையலறையில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குக்கர் கத்திக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தேன். குக்கரின் இரைச்சலுக்கு இடையில் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

“...கீழ்ப்பாக்கம் போய்ப் பார்த்துட்டுதான் வந்தேன்... ஷாக் குடுத்துதான்... அப்பாகிட்ட இப்ப வேணாம்... டாக்டரம்மா சொல்றப்போ சொல்லலாம்...”

சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது வெறும் ஊர்ப் பெயர் அல்ல. மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த வழக்கு. பையன் கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால், “இவன் கீழ்ப்பாக்கம் கேஸ்டா” என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன். இப்போது தாழ்ப்பாள் கழற்றியதற்கு அர்த்தம் புரிந்தது. உற்று உற்றுப் பார்ப்பதற்கும் தொடாமல் இருப்பதற்கும் அர்த்தம் புரிந்தது. எனக்கு மூளை பிசகிவிட்டது என்று இவர்கள் முடிவு கட்டியாகிவிட்டது. கரண்ட் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கையும் களவுமாகப் பிடிப்போம் என்று காத்திருந்தேன். புதன்கிழமைகளில் அவள் கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று போவாள். பாடகர் குழுவில் இருக்கும் ஒருவர் போன் செய்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். புதன்கிழமை பயிற்சியே கிடையாதாம், சனிக்கிழமைதானாம். அந்தப் புதன்கிழமை அவள் படியிறங்கி, கேம்ப் ரோடு பக்கம் திரும்பும் வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவள் வேளச்சேரி பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நான் அடுத்ததில் ஏறினேன்.

“எங்க சார் போவணும்?” என்றார் டிரைவர்.

“முன்னாடி போற ஆட்டோ எங்க போகுதோ அங்க.”

“அது போற ரூட்லதான் சார் நானும் போவேன். ஷேர் ஆட்டோ சார் இது. தள்ளி குந்து, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்.”

நான் துரத்திக்கொண்டு போகிறேன் என்பது அந்த மனிதருக்குப் புரியவே இல்லை. நின்று நின்று ஆள் ஏற்றினார். முன்னால் போன ஆட்டோ கண்ணுக்குத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு சிக்னலுக்குப் பக்கத்தில் அது நிற்பதும் மனைவி இறங்குவதும் தெரிந்தது. எங்கள் டிரைவர் அங்கே வந்து பிரேக் போட்டு, பின்னால் திரும்பாமலே கத்தினார்.

“கீழ்ப்பாக்கம், கீழ்ப்பாக்கமெல்லாம் எறங்கு.”

நான் அவரை வெறித்துப் பார்த்தேன். “இது ராஜகீழ்ப்பாக்கம்தானே?”

“ராஜாவெல்லாம் எப்பவோ பூட்டாரு சார். எறங்கு, பின்னாடி பஸ்ஸு ஆரன் அடிக்கிறான்.”

ராஜாவை அன்று முழுங்கியது குக்கர். ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் அந்தக் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவில் பாதிச் சென்னை இருக்கிறது. ஐந்து நிமிஷப் பயணத்தில் இருக்கும் ஊரை வைத்து நான் ஒரு வாரம் என்னையே பைத்தியமாக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சாலையோரத்தில் நின்று சிரித்தேன், விலா வலித்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தெருமுனை தாண்டாதவன் ஆட்டோ ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். வழியில் ஒரு தடவைகூட நாடியைப் பார்க்கவில்லை. சந்தேகத்தில் பயம் மறந்துபோயிருந்தது.

நினைத்த மாத்திரத்தில் பயம் திரும்பி வந்தது. வேர்த்து, மூச்சு முட்டி, அவள் நுழைந்த சந்துக்குள் நானும் நுழைந்தேன். அங்கே ஒரு கிளினிக். பலகையில் எங்கள் டாக்டரம்மாவின் பெயர். மகளுக்குத் தடுப்பூசி போட்ட காலத்திலிருந்து எங்கள் சளிக்கும் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதிக்கொடுப்பவர். கேம்ப் ரோட்டில் இருந்த அவரது கிளினிக்கின் கட்டடத்தை இடித்ததும், நான் படுத்திருந்த நாட்களில் இங்கே மாற்றிக்கொண்டதும் எனக்குத் தெரியாது. உள்ளே பெஞ்சில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து என் நெஞ்சை நோக்கி வந்தன. அப்படியே நின்றன. சுட்டுக்கொண்டவள் போல அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தேன், புரியவில்லை.

டாக்டரம்மா முதலில் என்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். பிரஷர் பார்த்தார். “ஹார்ட் நல்லா இருக்கு. இது பயத்தோட வேலை. ஆனா வீட்ல இப்படி வந்து சந்தேகமா இருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். பயம்தான்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது, சரியா?” என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். “எனக்கு ஷாக் வைக்கப் போறீங்களா?”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். “வைக்க வேண்டியதில்லை, ஏற்கனவே வச்சாச்சு” என்றார் டாக்டரம்மா. “அன்னிக்கு உங்க ஹார்ட் நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில கரண்ட் குடுத்துதான் மறுபடி ஓட வச்சாங்க. உங்ககிட்ட சொன்னா பயந்து திரும்பவும் வந்துடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதனால வீட்ல மறைச்சுட்டாங்க. மறைச்சது தப்பு, நான் அப்பவே சொன்னேன்.”

நின்றுபோனது என்றால் என்ன என்று யோசித்தேன். மெஷின் நிற்கிற மாதிரியா? கொஞ்ச நேரம் நான் இல்லாமலே இந்த உலகம் இருந்ததா? பிறகு என் புத்தி பழைய இடத்துக்கே போனது. “அப்ப என் விலா எலும்பு?”

மறுபடியும் மனைவியைப் பார்த்தார். இந்த முறை அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அதை இன்னொரு நாள் பேசலாம்” என்றார்.

பார்த்தீர்களா, இன்னும் ஏதோ இருக்கிறது. நீ ஏன் இங்கே வருகிறாய் என்று திரும்பி வரும்போது மனைவியைக் கேட்டேன். பிரஷருக்கு மாத்திரை என்றாள். பிரஷருக்கு யார் வாரா வாரம் வருவார்கள்?

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே புதன்கிழமை போனோம். டோக்கன் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா எங்களைக் கூப்பிடுவார். மனநோய் டாக்டரிடம் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். “தேவைப்பட்டா அனுப்புவேன், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. முதல்ல நாம முயற்சி பண்ணுவோம்” என்றார். விபத்தில் பிழைத்தவர்களுக்கும் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கும் வருகிற மாதிரி இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும் இந்தப் பயம் வருமாம். ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்குப் புரிய நாளாகுமாம். இதை நான் நம்பவில்லை. சர்க்கரைக்கும் சளிக்கும் மருந்து கொடுக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இதுக்குன்னு படிச்சேன். என்கிட்ட வர்றவங்க மனநோய் டாக்டர்கிட்ட போக மாட்டேங்கறாங்களே, என்ன பண்றது” என்றார்.

அவருடைய வைத்தியம் எனக்கு வைத்தியமாகவே தெரியவில்லை. நாடியைக் காலையில் ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது என்றார். தெருமுனை வரை, அப்புறம் டீக்கடை வரை, அப்புறம் ஏரிக்கரை வரை என்று நடக்கச் சொன்னார். காத்திருக்கும் அறையில் எங்கள் வீட்டில் இருப்பது போலவே ஒரு தண்ணீர் கேன் இருந்தது. நான் அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் உத்தரவு. நோயாளிகள் வந்து வந்து தண்ணீர் பிடிப்பார்கள். களக் என்னும். எனக்கு உள்ளங்கால் வரை சில்லிடும். கால்கள் தரையில் இருக்கின்றனவா, தரை குளிர்ச்சியா சூடா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருந்தார். வேண்டுமென்றே ஆட்களை அனுப்பித் தண்ணீர் குடிக்க வைக்கிறாரோ என்று ஒருமுறை எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் நாளாக ஆக, களக் என்றால் திரும்பிப் பார்ப்பதோடு நின்றது.

அதைவிட மோசம், அந்தக் காலையை அவரிடம் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு, இப்போது நடப்பது போல, ஒன்றையும் விடாமல். படி ஏறுகிறேன், மூடியைப் பிய்க்கிறேன், கவிழ்க்கிறேன். முதல் தடவை கவிழ்ப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளிப் போனேன். நான் சொல்லும்போதெல்லாம் மனைவி தன் கைகளை மடியில் வைத்து ஒரு கையால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எதையோ தப்பித்துப் போகாமல் பிடித்துவைப்பது போல இருக்கும்.

ஒரு புதன்கிழமை முழுதும் சொல்லி முடித்தேன். குமிழி ஏறுகிறது, தோளில் பாரம்.

“அப்புறம்?” என்றார் டாக்டரம்மா.

“அப்புறம் ஆஸ்பத்திரி விளக்கு.”

“நடுவுல?”

“அது என்கிட்ட இல்லைங்க.”

“என்கிட்ட இருக்கு” என்றாள் மனைவி.

அவள் என்னைப் பார்க்காமல், மேஜை மேல் இருந்த பிரஷர் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “சத்தம் கேட்டு ஓடி வந்தேன். தரையில கிடந்தீங்க. குறட்டை மாதிரி ரெண்டு தடவை இழுத்துச்சு, அப்புறம் அதுவும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், அசைவே இல்லை. கீழ் வீட்டு அண்ணன் வந்தாரு. வலிப்புன்னு நெனைச்சு சாவிக்கொத்தை உங்க கையில வைக்கச் சொன்னாரு. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, நான் ஸ்கூல்ல அந்த ரப்பர் பொம்மையை அமுக்கின மாதிரி அமுக்க ஆரம்பிச்சேன்.”

ரப்பர் பொம்மை எனக்கு நினைவுக்கு வந்தது. முந்தின வருஷம் பள்ளியில் டீச்சர்களுக்கு முதலுதவி வகுப்பு வைத்தார்கள். ‘இன்னிக்கு ஒரு பொம்மையைப் பிழைக்க வச்சேன்’ என்று வந்து சொன்னாள். ‘பாஸா ஃபெயிலா? டீசி குடுத்து அனுப்பிட்டியா?’ என்று கேலி செய்தேன்.

“பொம்மையில அந்தச் சத்தம் வரலை” என்றாள். “உங்களை அமுக்க ஆரம்பிச்ச உடனே வந்துச்சு. முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. கைக்குக் கீழயே தெரிஞ்சுது. அண்ணன், ‘விடும்மா, நீயே கொன்னுடப் போறே’ன்னு கத்தினாரு. ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நிறுத்தலை. எண்ணிக்கிட்டே அமுக்கினேன். அப்புறமும் ஒண்ணு ஒடிஞ்சுது. அப்பவும் நிறுத்தலை. ஆம்புலன்ஸ்காரங்க வந்து என் கையைப் பிடிச்சு விலக்குற வரைக்கும் அமுக்கினேன்.”

வெளியே யாரோ தண்ணீர் பிடித்தார்கள்.

“இப்ப மாவைத் தொட்டாலே கை தானா எண்ண ஆரம்பிக்குது” என்றாள். “நீங்க இருமுறப்பல்லாம், கை வச்சவன் கை வெளங்காமப் போகணும்னு சொல்வீங்க. நான் உள்ள போய் நின்னு என் கையைப் பார்ப்பேன்.”

நான் அழுதேன். மகள் கல்யாணமாகிப் போனபோதுகூட அழாதவன், ஒரு கிளினிக்கில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, விலா வலிக்க வலிக்க அழுதேன். எனக்கு அவமானமாக இருந்தது, நன்றியாக இருந்தது, அவள் மேல் பரிதாபமாக இருந்தது. நான் துப்பறிந்து துப்பறிந்து தேடிய கை என் எதிரில் மாத்திரையை மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. புதன்கிழமை டோக்கன் முதலிலிருந்தே அவளுடையது. எனக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி அவள் அங்கே போகவில்லை. தன்னால் தூங்க முடியவில்லை என்று போயிருக்கிறாள்.

“அன்னிக்கு அவங்க நிறுத்தியிருந்தா ஆஸ்பத்திரியில ஷாக் குடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது” என்றார் டாக்டரம்மா. “சரியா அமுக்கினா பல பேருக்கு எலும்பு ஒடியத்தான் செய்யும். இதை நான் இவங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நான் சொன்னா உள்ள போக மாட்டேங்குது.”

யார் சொன்னால் போகும் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் ஒரு காய்கறி மூட்டை இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நன்றி என்று மனைவியிடம் சொல்லுவதற்கு எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து, நானே கோதுமை மாவை எடுத்துத் தட்டில் கொட்டினேன். தண்ணீர் பிடித்தேன். கேன் களக் என்றது, பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. மீதியை மாவில் ஊற்றிப் பிசைந்தேன். கூழாகிவிட்டது. அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் மாவு போடணும்” என்றாள்.

போட்டேன்.

“விரலால பிசையாதீங்க. உள்ளங்கையால அழுத்தணும்.”

“நீ வந்து காட்டு.”

அவள் வரவில்லை. நான் மாவுக் கையோடு அவளிடம் போனேன். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, அவளுடைய வலது கையைப் பிடித்து விலாவில் வலிக்கும் இடத்தில் வைத்தேன். அவள் வெடுக்கென்று இழுத்தாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் விரல்கள் தாமாகவே அந்த எலும்பின் மேல் மெல்ல நகர்ந்தன. ஒடிந்த இடம் மேடாகத் தட்டுப்படும். நானே எத்தனையோ முறை தடவிப் பார்த்திருக்கிறேன்.

“கோணலாக் கூடியிருக்கு” என்றாள்.

“ஆமா.”

“உங்க கம்பெனியில இதை என்ன பண்ணுவீங்க? சிவப்பு அட்டைதானே?”

“டீவியேஷன்” என்றேன். “கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டாச்சு.”

அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அதன் கீழே என் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கோ ஒரு எண்ணில் அவளாகவே நிறுத்திவிட்டு, கை கழுவி வந்து, மாவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.